தொங்கும் கல்லின் நிறை

எங்கள் வீட்டுக்காரர் ஆடுகிற எதையும் கை வைத்து நிறுத்த மாட்டார். கோயில் மணியோ, பஸ்ஸில் தொங்கும் கைப்பிடியோ, எதுவானாலும் ஓரடி விலகி நின்று, அது தானாக ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை என் நாத்தனார் பிள்ளையின் தொட்டில் சுவரில் இடிக்கப் போனது. பக்கத்தில் நின்ற இவர் "யாராச்சும் பிடிங்க" என்று கூப்பிட்டாரே தவிர, தான் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக இதைப் பார்த்து வருகிறேன்.

அவர் பெயர் பேயாண்டி. மேலூருக்கு வெளியே ஒரு கிரானைட் பட்டறையில் வேலை. அறுப்பதற்கு வரும் கற்களுக்குச் சங்கிலி மாட்டி, கிரேன் ஓட்டுகிறவருக்குக் கை காட்டுவார். ஆயுத பூசைக்குப் பட்டறையில் குடும்பத்தோடு கூடுவார்கள். கல்யாணமான வருடம் என்னையும் கூட்டிப்போனார். கிரேனுக்கு மாலை போட்டுச் சந்தனம் தெளித்திருந்தார்கள். மூன்று டன் கல் ஒன்று தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கியது.

"ஒத்த விரலு வையி" என்றார்.

"ஆள் பாக்குறாக. சும்மா இருங்க."

"வச்சுத்தான் பாரேன்."

வைத்துத் தள்ளினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் தள்ளச் சொன்னார். ஊஞ்சலுக்குத் தள்ளுவது மாதிரி, கல் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தள்ளத் தள்ள, முதலில் நூலளவு, பிறகு விரலளவு, பிறகு ஒரு சாண் ஆடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கனத்தை எல்லாம் சங்கிலி வாங்கிக்கிருச்சு. இப்பக் கல்லுக்குக் கனமே இல்ல" என்றார்.

என் தம்பி சிவபாண்டி இருபது வயதில் அதே பட்டறையில் சேர்ந்தான். இவர்தான் சேர்த்துவிட்டார். விரல் வித்தையையும் கற்றுக்கொடுத்தார். லாரி டிரைவர்களிடம் அவன், "எங்க மச்சான் மந்திரம் போட்ட கல்லுண்ணே. ஒரு டீ வாங்கிக் குடுங்க, விரலால நகட்டிக் காட்டுறேன்" என்பானாம். டீயும் கிடைக்குமாம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சித்திரை மாதம், முற்பகலில் அவன் செத்துப்போனான். கிரேன் பன்னிரண்டு டன் கல்லோடு வந்து நின்றது. கல் நிற்கவில்லை. எதிரே, அறுத்து மூலை சீவிய கல் ஒன்று ஏற்றுமதிக்கு நின்றிருந்தது. அதில் இடித்துவிடுமே என்று அவன் இரண்டுக்கும் நடுவில் போய்க் கையை நீட்டியிருக்கிறான். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

இவர் நாலடி தள்ளி நின்றவர். அன்று நடந்ததில் எதையோ இவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். என் அம்மா ஒச்சம்மாளைப் பார்த்தால் இவர் பார்வை கீழே போய்விடும். அம்மாவுக்கோ மகன் போனபின் எல்லாமே இந்த மருமகன்தான். அலங்காநல்லூரிலிருந்து கோழி அடித்துக் குழம்பு வைத்துத் தூக்கில் எடுத்து வருவாள். "எம்புள்ள இருந்தா திங்கிற ஈரலு. நீங்க தின்னுங்க மாப்ள" என்று இலையில் வைப்பாள். இவர் மறுக்காமல் தின்றுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவார். திரும்பி வர நேரமாகும். சில பகல்களில் சும்மா உட்கார்ந்து வலது ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் கேட்காது. அந்த நேரத்தில் வாசலில் தம்பி நிற்பது மாதிரி எனக்கும் இருக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வருடம் காலாண்டுப் பரீட்சைக்கு எங்கள் மகள் சுபலட்சுமி சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நிலவில் பொருளின் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும். நிறை மாறாது."

"ஏத்தா, அதை இன்னொருக்கா வாசி."

வாசித்தாள்.

"நிறைன்னா?"

"பொருளுக்குள்ள இருக்குறதுப்பா. எடைங்குறது பூமி அதை இழுக்குற இழுப்பு. நிலாவுல இழுப்புக் கம்மி, அதான் பாறாங்கல்லத் தூக்கிரலாம். ஆனா ஓங்கி எத்துனா கால் ஒடிஞ்சிரும்னு டீச்சர் சொன்னாங்க."

"சங்கிலில தொங்குனா?"

"தொங்குனாலும் நிறை அப்படியேதான் இருக்கும். சங்கிலி கீழ விழுகாம பிடிச்சிருக்கு, அம்புட்டுத்தான். ஆடி வந்துச்சுன்னா நிறுத்துறது கஷ்டம்."

இவர் தட்டிலேயே கையைக் கழுவினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. "அத்தை வீட்டுக்குப் போயிட்டு வருவோம், கெளம்பு" என்றார் என்னிடம்.

அம்மா வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாப்ள, சொல்லாமக் கொள்ளாம" என்று எழுந்தாள். இவர் உட்காரவில்லை.

"தொங்குற கல்லுக்குக் கனமில்லேன்னு சிவபாண்டிக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான் அத்தை. அன்னைக்கு அவன் கைய நீட்டுறப்ப நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கத்தல. நிறுத்திருவான்னு நானும் நெனச்சேன்."

அம்மா கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டாள். "அந்த மாதிரிக் கல்ல நான் பாக்கணும்" என்றாள்.

அடுத்த வாரமே ஆயுத பூசை. பூசை முடிந்து மற்றவர்கள் பொரி தின்றுகொண்டிருந்தபோது, இவர் கிரேன் ஓட்டும் அசோக்குமாரிடம் சொல்லி மூன்று டன் கல் ஒன்றைத் தூக்க வைத்தார். எதிரே இன்னொரு கல். அதை ஒட்டி ஒரு காலி எண்ணெய் டின்னை வைத்தார். எங்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, பதினோரு வருடத்தில் முதல்முறையாக விரலைத் தொங்கும் கல்லில் வைத்தார். தள்ளினார். திரும்பத் திரும்பத் தள்ளினார். கல் மெல்ல ஆடி, ஆட்டம் கூடி, மேய்ந்துவிட்டு வரும் மாடு மாதிரி வந்து டின்னைத் தொட்டது. தொட்ட பிறகும் நிற்கவில்லை. டின் முனகிக்கொண்டே மடங்கியது.

அம்மா கேட்டாள். "இம்புட்டு மெதுவாவா வந்துச்சு?"

"ஆமா அத்தை."

"நான் விர்ருன்னு வந்து அடிச்சிருச்சுன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன். நீங்க ஒரு சத்தம் குடுத்திருந்தா எம்புள்ள வெலகியிருக்கலாம்ல?"

"வெலகியிருக்கலாம்."

அவள் எங்களோடு வீட்டுக்கு வரவில்லை. மேலூர் பஸ் ஸ்டாண்டில் தனியாகவே பஸ் ஏறினாள்.

இவர் இன்னும் அதே பட்டறையில்தான் இருக்கிறார். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே டின் வைத்துக் காட்டுகிறார். அம்மா என்னோடு போனில் பேசுகிறாள். அவரோடு பேசுவதில்லை. ஒரு வருடமாக எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை.