லீவர் எந்தப் பக்கம்?

எங்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நடுரோட்டில் கார் நின்றுபோனவர்தான். அதுவும் வாடகையைச் சொல்கிறவரைக்கும்தான். பழுதான கார்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார உரிமையாளர் சங்கத்துக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். பைபாஸ் ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்போது நீங்கள் திட்டிக்கொண்டே காத்திருந்தது எங்களில் ஒருவருக்காகத்தான்.

டில்லியின் முழங்கால்

டில்லி என் வண்டியின் டிரைவர். போன மழைக்காலத்தில் பூந்தமல்லி பைபாஸில் ஒரு காரை ஏற்றிக்கொண்டிருந்தான். காரை மேலே இழுக்கும் லீவர் எங்கள் வண்டிகளில் வலது பக்கம் இருக்கிறது. அதைப் பிடிப்பவன் ஓடுகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டும். ஒரு லாரி உரசிக்கொண்டு போனதில் அவனுக்கு முழங்கால் நொறுங்கியது.

தேறி நடக்க ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்கு வரத் துடித்தான். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. பேசிப் பார்க்கலாம் என்று பட்டாபிராமில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி செல்வி டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த லீவரு ரோட்டுப் பக்கம் கீற வரைக்கும் இவரை அனுப்ப மாட்டேண்ணா."

யார் கேட்டது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் வண்டிகளுக்கு பாடி கட்டும் பட்டறைக்காரரிடம் போனேன். லீவரை இடது பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாமல் என்ன, லீவருக்குப் போகும் எண்ணெய்க் குழாயை நீட்டி அந்தப் பக்கம் விட்டால் ஆயிற்று என்றார். அப்படியானால் இத்தனை வருடமாக ஏன் ஆபத்தான பக்கத்திலேயே வைக்கிறீர்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிரைவர் எறங்குற பக்கமே கைக்கு எட்டுற மாதிரி வேணும்னு கேட்டது நீங்கதானே சார்?"

வீடியோ ஆன்

ஏற்றும்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று சங்கத்தில் ஒரு விதி போட்டோம். முகப்பேரில் ஒரு ஐ.டி. தம்பி மடியில் லேப்டாப்போடு இறங்க மறுத்தார். இழுக்கிற பெல்ட் அறுந்தால் காரோடு பின்னால் உருண்டுவிடுவீர்கள் என்று விளக்கினேன். மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, வீடியோ ஆன்ல இருக்கு, கொஞ்சம் ஆடாம ஏத்திடுங்க."

மனு

பைபாஸில் நாங்கள் வேலை செய்யும்போது பின்னால் ஒரு ரோந்து வண்டி விளக்குப் போட்டு நிற்க வேண்டும் என்று ஒரு போலீஸ் அதிகாரியிடம் மனு கொடுத்தோம். நியாயமான கோரிக்கை என்றார், மேலே அனுப்புவதாகவும் சொன்னார். நாங்கள் கும்பிட்டு எழுந்ததும் மறுபடி உட்காரச் சொன்னார். "நம்ம ஜீப் ஒண்ணு கோவில்பதாகை கிட்ட நின்னுபோச்சு, போற வழியில அதைக் கொஞ்சம் தூக்கிட்டு வந்துடுங்க."

பொதுக்குழு

எல்லா வண்டிகளிலும் லீவரை மாற்றுவோம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டியைச் சுற்றிப் போக வேண்டுமா என்று ஆளாளுக்குச் சலித்துக்கொண்டார்கள். ஊன்றுகோலோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டில்லியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆவடியில் நிறைய வண்டி வைத்திருக்கும் முனுசாமி எழுந்தார். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ரோட்டைப் பாக்காம நின்னுகினு இருந்தா லீவரு இன்னா பண்ணும், நைனா?"

இடது பக்கம்

தீர்மானம் தோற்றது. என் வண்டியில் மட்டும் லீவரை இடது பக்கம் மாற்றினேன். செல்வி வந்து, இழுத்துப் பார்த்து, சரி என்றாள். டில்லி வேலைக்கு வந்தான்.

முதல் அழைப்பே பைபாஸில்தான். நானும் கூடப் போனேன். பழக்க தோஷத்தில் டில்லி வலது பக்கம் இறங்கி, பழைய இடத்துக்குப் போய், லீவர் இல்லாத வெறும் தகரத்தைத் தடவிக்கொண்டு நின்றான். ஒரு பஸ் அவன் சட்டையை உரசுகிற மாதிரி போயிற்று. நான் கத்தினேன். அவன் சிரித்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை வேடிக்கையாகச் சொல்லியும் இருக்கிறான்.

மறுநாள் காலையில் செல்வி வண்டிக்குள் உட்கார்ந்து, டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியைச் சீட்டோடு சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். "லீவரு இந்தாண்ட வந்துடுச்சிண்ணா, ஆளு இன்னும் அந்தாண்டயே கீறாரு."

டிரைவர் பக்கக் கதவைக் கட்டிவைப்பது பாதுகாப்பு விதிகளுக்கு விரோதம் என்பது செயலாளரான எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அதைச் செல்வியிடம் போய்ச் சொல்ல சங்கத்தில் இன்றுவரை ஒரு ஆளும் முன்வரவில்லை.