சின்னபொண்ணு சொன்ன ‘இல்லை’

பாகூரிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பும் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்ததும் சின்னபொண்ணு செய்யும் முதல் காரியம், நாக்கை இடது கன்னத்தின் உட்பக்கம் ஓட்டிப் பார்ப்பது. தூங்கி எழுவதற்குள் அது மறைந்து போயிருக்கும் என்று ஒரு நப்பாசை. மறையவில்லை. தை மாதத்தில் கொத்துமல்லி விதை அளவில் வெள்ளையாக இருந்தது. இந்த ஆடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு விரிந்து, நடுவில் சிவந்து, தடித்திருந்தது. வலித்தாலாவது ஏதோ சூட்டுப் புண் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது வலிக்கவே இல்லை. அதுதான் அவளைத் தினமும் தடவிப் பார்க்க வைத்தது.

வயது நாற்பத்து நாலு. பதினாறில் ஏரிப் பாசன வயல்களில் நடவுக்கு இறங்கியவள். சேற்றில் குனிந்தால் நிமிர உச்சிப்பொழுது ஆகிவிடும், அதுவரை பசியைக் கேட்க ஆளில்லை. நடவுக்காரப் பெண்கள் மடியிலிருந்து புகையிலையில் ஒரு துண்டு கிள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். வயிறு பேசாமல் இருக்கும். இவளுக்கும் ஒருத்தி கிள்ளிக் கொடுத்தாள். சாராயக்கடையே கதியென்று கிடக்கும் ஆம்பிளைகளை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டு, அந்த வாயிலேயே புகையிலையையும் அடக்கிக்கொண்டு நாற்று நட்டார்கள். அதை யாரும் ஒரு குற்றமாக எண்ணியதில்லை.

பிறகு நடவுக்கு மிஷின் வந்தது. வேலை குறைந்தது. வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் அட்டை பேக்கிங் செய்யப் போனாள். பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. காலில் ஒட்டிய சேறு போயிற்று, கன்னத்துப் புகையிலை போகவில்லை. விட்டுவிடலாம் என்று நாலைந்து தரம் முயன்றாள். இரண்டாம் நாளே கை நடுங்கும், தலை கிறுகிறுக்கும், மாத்திரை அட்டை தாறுமாறாகப் போகும். மாத்திரையில் எச்சில் தெறிக்கக்கூடாது என்று கம்பெனி கொடுத்த மாஸ்க், உள்ளே நடப்பதை வெளியே தெரியாமல் காத்தது.

போன வருஷம் அவள் சம்பளம் இருபத்தோராயிரத்தைத் தாண்டியது. லைன் முழுக்க லட்டு கொடுத்தாள். லட்டு செரிக்கும் முன்பே, இந்தச் சம்பளத்துக்கு இனி இ.எஸ்.ஐ. வைத்தியம் கிடையாது, கம்பெனி இன்ஷூரன்ஸ்தான் என்றார்கள். அதில் ஒரு கண்டிஷன். சிகரெட், குடி, புகையிலை இருப்பவர்கள் மாதம் முந்நூற்றறுபது ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் பாலிசி ரத்து. மாத்திரை விற்கிற கம்பெனிக்குத் தொழிலாளியின் உடம்பு மேல் திடீரென்று அப்படி ஒரு பாசம் பொங்கிவிட்டது! புகையிலைக்கு அபராதம் போட்டவர்கள், ஒன்பது மணி நேரம் நிற்க வைத்தே வேலை வாங்குவதற்கு யாருக்கு அபராதம் போட்டார்கள் என்று தெரியவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், எச்.ஆரில் இருக்கும் கீர்த்திகா கேன்டீனில் உட்கார்ந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டாள். இருபத்தைந்து வயதுப் பெண். எல்லோரையும் அக்கா என்பாள், அதிர்ந்து பேசமாட்டாள்.

“புகையிலை போடுவீங்களாக்கா?”

சின்னபொண்ணுக்குப் பின்னால் பாதி லைன் நின்றுகொண்டிருந்தது. “சேச்சே, இல்லம்மா” என்றாள். முந்நூற்றறுபது ரூபாய்க்காகச் சொன்ன பொய் அல்ல அது. அத்தனை பேர் எதிரில் வந்த வெட்கம். கீர்த்திகா ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு நீட்டினாள். சின்னபொண்ணு விரலாலேயே கையெழுத்துப் போட்டாள்.

தை மாதத்தில் கன்னத்தில் அந்த வெள்ளை தெரிந்தது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பங்குனியில் அவள் புருஷன் நடேசன் அரிசி மில்லில் மூட்டை தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வரிசை மார்கழி வரை நீண்டிருந்தது. இன்ஷூரன்ஸ் இருந்ததால் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டது. அங்கும் இந்தப் பேப்பர், அந்தப் பேப்பர் என்று இழுத்து, கடைசியில் ஆடி மாதத்தில் ஒரு தேதி கிடைத்தது. செலவு நாலு லட்சம், இன்ஷூரன்ஸ் கட்டும்.

தனியார் ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்ட மறுவாரம்தான் வேனில் பக்கத்தில் உட்காரும் தையலம்மாள் அந்தச் சேதியைச் சொன்னாள். லோடு செக்ஷன் சேவியருக்கு இன்ஷூரன்ஸ் பணம் தரமாட்டேன் என்றுவிட்டார்களாம்.

“சிகரெட் குடிக்கிறத மறைச்சிட்டானாம்டி. இருமல்னு போன எடத்துல டாக்டரு சீட்டுல எழுதிட்டாரு, பாஞ்சு வருசமா குடிக்கிறான்னு. அவ்ளோதான், மொத்தமும் கேன்சலு.”

“டாக்டரு எழுதுனா இவுங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“எல்லாம் கம்ப்யூட்டரு. ஆதார் நம்பரக் குடுத்தியா, மாட்டுன.”

அன்றிலிருந்து சின்னபொண்ணு எந்த டாக்டர் இருக்கும் தெருவிலும் நடக்கவில்லை. எங்கே போய் வாயைத் திறந்தாலும் ‘எத்தனை வருஷமாகப் புகையிலை?’ என்றுதான் முதல் கேள்வி வரும். பதில் சீட்டில் ஏறும், சீட்டு கம்ப்யூட்டரில் ஏறும், நடேசனின் ஆபரேஷன் கையை விட்டுப் போகும். அவள் சொன்ன ஒரு ‘இல்லை’யின் மேல் அந்த மனுஷனின் உயிர் உட்கார்ந்திருந்தது. ஆபரேஷன் முடியட்டும், அடுத்த நாளே காட்டிவிடுவோம் என்று கன்னத்தோடு பேசி வைத்துக்கொண்டாள்.

அதுவரைக்கும் வைத்தியம் மணத்தக்காளிக் கீரை. வாய்ப்புண்ணுக்கு அதைவிட வேறென்ன இருக்கிறது? திங்கள் கூட்டு, செவ்வாய் மசியல், புதன் தண்ணிச்சாறு, வியாழன் மறுபடி கூட்டு. தெருக்கோடி வரை வேலியோரத்தில் இருந்த செடியெல்லாம் மொட்டையானது.

ஒரு ஞாயிறு மத்தியானம் நடேசன் தட்டைத் தள்ளி வைத்தான். ஆபரேஷனுக்கு இன்னும் எட்டு நாள்.

“இன்னாடி இது, ஆட்டுக்குப் போடற மாதிரி தெனமும் இதே தழ?”

“நெஞ்சுக்கு நல்லதாம்யா.”

“நெஞ்சு வலி எனுக்கு. நீ ஏன் ரெண்டு பங்கு துண்ற?” அவன் சிரிக்கவில்லை. “ஒரு மாசமா பாக்கறன். மொளகா கிள்றதுல்ல, ஊறுகா தொடறதுல்ல. வாயத் தொற.”

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவன் விடவில்லை. கடைசியில் அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது: வெள்ளை, கீர்த்திகா, சேவியர், கம்ப்யூட்டர்.

“எட்டு நாளுய்யா. உன் ஆப்ரேசன் முடியட்டும்.”

“அதுக்குள்ள உனுக்கு ஒண்ணு ஆயிட்ச்சின்னா?”

“உனுக்கு ஆயிட்ச்சின்னா நான் இன்னா பண்ணுவன்?”

நடேசன் எழுந்து போய்க் கை கழுவினான்.

திங்கட்கிழமை பதினோரு மணி. அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த சின்னபொண்ணு தற்செயலாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஆபீஸ் மாடிப்படியில் ஒரு ஆள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு படி ஏறுவதும் நின்று மூச்சு வாங்குவதுமாகப் போய்க்கொண்டிருந்தான். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த ஆள். அந்த நீலச் சட்டையை நேற்றுத்தான் அவள் துவைத்துப் போட்டாள். ‘பாவி மனுஷா, உன் உயிரை நீயே கொண்டுபோய்க் கொடுக்கிறாயே!’ என்று மனசு அலறியது. கையிலிருந்த அட்டைகள் சரிந்தன. பொறுக்கக்கூட நிற்காமல் ஓடினாள்.

அவள் போய்ச் சேரும்போது நடேசன் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரில் கீர்த்திகா.

“சொல்ட்டன்” என்றான்.

“மேடம், இவுரு ஒடம்பு சரியில்லாத மனுசன், ஏதோ ஒளர்றாரு” என்று சின்னபொண்ணு படபடத்தாள். “நான் அதெல்லாம் தொடறதே இல்லம்மா. எங்கொழந்திங்க மேல சத்தியமா...”

வார்த்தை குழறியது. காலையில் அடக்கிய புகையிலை இன்னும் கன்னத்தில் இருந்தது. கீர்த்திகா மெதுவாக, “மாஸ்க்க எடுங்கக்கா” என்றாள்.

சின்னபொண்ணு எடுக்கவில்லை. கைகூப்பினாள். ஒரு வருஷச் சம்பளத்தை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள், வேலையை விட்டுக்கூட நிறுத்துங்கள், அவர் ஆபரேஷனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று அழுதாள்.

“எதுக்குக்கா நிறுத்தறாங்க?” கீர்த்திகாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினாள். “இங்க பாருங்க. புகையிலைக்கு நேரா ‘எஸ்’னு இருக்கு. கார்த்திகைலயே போட்டாச்சு. மாசாமாசம் முந்நூத்தி அறுபது ரூபா புடிச்சிட்டுத்தானே இருக்கு? பே ஸ்லிப்ல வருமே, பாக்கலயா?”

பே ஸ்லிப் பெரிய போன் வைத்திருப்பவர்களுக்கு வரும். சின்னபொண்ணிடம் இருப்பது பட்டன் போன். சம்பளம் பேங்கில் விழும்போது கொஞ்சம் குறைந்திருந்தது அவளுக்குத் தெரியும். ஓவர்டைம் குறைந்ததால் என்று நினைத்துக்கொண்டாள்.

“நான் இல்லன்னுதானம்மா சொன்னன்?”

“சொன்னீங்க. தெனமும் ஷிப்ட் முடிஞ்சு நீங்க கழட்டிப் போடற மாஸ்க்க பாத்திருக்கேன்க்கா, உள்பக்கம் பழுப்பா கறை இருக்கும். பொய்யா எழுதினா நாளைக்கு உங்களுக்குத்தான் கஷ்டம்னு நானே எஸ் போட்டேன்.” கீர்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். “எல்லார் முன்னாடியும் சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல.”

“அப்ப என் ஆப்ரேசன்?” என்றான் நடேசன்.

“அது நடக்கும் அண்ணா. அதுல ஒரு பிரச்சனையும் இல்ல.”

நடேசன் நெஞ்சில் கைவைத்து ‘அப்பாடா’ என்று சாய்ந்தான். சின்னபொண்ணுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வந்த உயிர் நிலைக்கவில்லை. தை, மாசி, பங்குனி என்று அவள் விரல்கள் தாமாகவே மடங்கின. கடைசி விரல் ஆடியில் வந்து நின்றபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே, இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டி ஒரு டாக்டர் முன்னால் வாயைத் திறந்தாள். டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். கையுறை போட்ட விரலால் அந்தத் தடிப்பை அழுத்தினார். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“இது எப்போ ஆரம்பிச்சது?”

“தை மாசம்.”

“அப்பவே வந்து புகையிலையையும் விட்டிருந்தா, அனேகமா மறைஞ்சே போயிருக்கும்மா. இப்ப கொஞ்சம் வெட்டி டெஸ்டுக்கு அனுப்பணும். ரிசல்ட் வந்தாத்தான் நான் எதுவும் சொல்ல முடியும்.” டாக்டரம்மா பேனாவை எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார். “ஆறு மாசம், யாருக்குப் பயந்துகிட்டு இதை வாய்க்குள்ளயே வச்சிருந்தீங்க?”

சின்னபொண்ணு வாசலில் நின்ற நடேசனைப் பார்த்தாள். யாரென்று சொல்ல அவளுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.