ஆடு சோறு பொங்கிய வீடு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இருந்தாலும் இன்றைக்கு யாங்கூனில் அலோன் துறைப் பக்கம் இரண்டு கிடங்குகள் என் பேரில் நிற்கின்றன. எவனாவது அளவுநாடாவோடு அந்தப் பக்கம் தலைகாட்டினால் கணக்குப்பிள்ளையை அனுப்ப மாட்டேன், நானே போய் நிற்பேன். இந்தப் புத்தி எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைத்ததல்ல.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவுக்கு ரயில் பாதை வேலை. யாங்கூனை விட்டு வெகு தூரம் வடக்கே, மழையே எட்டிப் பார்க்காத ஒரு மலைச்சரிவில் இருந்தோம். இருபது வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. கொல்லையைத் தாண்டினால் முள்காடு.

ஒருநாள் மூன்றுகால் கருவியோடு நாலு பேர் வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வீட்டையே உற்றுப் பார்த்தார்கள். என்னவென்று அம்மா கேட்டதற்கு, "மியேபோன்" என்றார்கள். பர்மியத்தில் வரைபடத்துக்கு அதுதான் பேர். மண்குவியலுக்கும் அதே பேர்தான். அம்மாவுக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும்.

"மண்ணைக் கொட்டி மூடப் போறானுங்கடா தம்பி!" என்று மாமாவிடம் ஓடினாள்.

மாமா எங்கள் குடும்பத்தின் மூளை. "வீடுன்னு தெரிஞ்சாத்தானேக்கா மூடுவான்? ஆட்டுப்பட்டிய எவன் சீண்டுவான்?"

அப்பா பாதையிலிருந்து திரும்ப மூன்று நாளாகும். மாமா கதவைக் கழற்றினார், பக்கத்து வீட்டு ஆடுகளை உள்ளே ஓட்டினார், அம்மாவையும் தங்கையையும் காட்டுக்குள் அனுப்பினார். பர்மியம் சுத்தமாகப் பேசுகிறவன் நான்தான் என்பதால் வாசலில் நான்.

மறுநாள் வீடு வீடாகக் குறித்துக்கொண்டு கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் தாளும் பென்சிலுமாக வந்தார். "இங்கே யார் குடியிருக்கிறார்கள்?"

"யாருமில்லை ஸயா. ஆடுதான்." பெரியவர்களை அங்கே ஸயா என்றுதான் கூப்பிடுவோம்.

உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்கள் ஊரில் ஆடு சோறு பொங்குமா?"

"பொங்கும் ஸயா."

அவர் சிரித்தார். அவர் போனதும் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவையே சுற்றி வந்தார்.

மறுவருஷம் அதிகாரிகள் அந்த வரைபடத்தோடு வந்தார்கள். கட்டம் போட்டிருந்த பத்தொன்பது வீடுகளுக்குப் பட்டா. எங்கள் இடத்தில் வெறும் பச்சை. காட்டுக்குள் குடியிருக்கக் கூடாது என்று ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். மாமா வெளியே வரவேயில்லை.

அந்த ஸயா அன்றைக்குச் சிரித்துவிட்டு உடனே போய்விடவில்லை. பென்சில் முனையைத் தாளில் ஊன்றிக்கொண்டு, "யோசித்துச் சொல், யாருமே இல்லையா?" என்று இன்னொரு தடவை கேட்டார். நான் வாயைத் திறக்கும்வரை காத்துக்கொண்டு நின்றார். எதையோ பிடுங்கத்தான் ஆள் நிற்கிறான் என்று எனக்குப் பட்டது.

"இல்லை" என்றேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.