பனிச் சைரனும் ஒக்லகோமா மருமகளும்

மெலனி என்ற பெயர் மொன்றியலில் எங்கள் ஆட்களிடையே முதலில் அடிபட்டது, ஒரு பெரிய வியாழன் பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றபோதுதான். அஞ்சலீனாவின் மகன் நிஷானுக்கு அமெரிக்காவில் பெண் சரிவந்துவிட்டதாம், ஒக்லகோமாவாம் என்றார்கள். மன்னார்ச் சனம் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டதே என்றுதான் வியப்பு.

பெண் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முடிந்து மொன்றியல் வந்த புதிதில் அவளுக்கு ஊர் பிடித்துத்தான் இருந்தது. கடல் தாண்டாமலே ஐரோப்பாவுக்கு வந்துவிட்டேன் என்று கூட்டாளிமாருக்குச் சொல்லி, கல்லுக் கட்டடம், கோயில் கோபுரம், கல் பதித்த தெரு என்று படம் படமாக அனுப்பினாள்.

குடியிருந்து பார்த்தபோதுதான் கதை வேறானது. பார்க் எக்ஸ்டென்சன் பகுதியில், மாமியாரோடு அவர்கள் இருந்த வீடு மேல்மாடி. ஏறும் படி வெளியே, இரும்பில், வளைந்து வளைந்து போகும். மார்கழியில் அதில் பனி கண்ணாடியாய் உறைந்துவிடும். சுவருக்கு அப்பால் யாராவது இருமினால் இவளுக்குத் தொண்டை கரகரக்கும். மூலைக் கடையில் பிரெஞ்சில் போன்ஜூர் சொல்லிவிட்டு மேலே ஒன்றும் வராமல் நிற்பாள். சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக்கூடாது என்ற சட்டம் வேறு.

இருந்தாலும் எரிச்சல், படுத்தாலும் எரிச்சல். அறைக்கு அறை நடந்தாள். ஒக்லகோமாவிலிருந்து ஓட்டிவந்த காரில் போய், என்ஜினைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

"ஈஸ்டர் மட்டும் பாக்கிறன் நிஷான். அதுக்குப் பிறகும் இப்பிடியெண்டா நான் அம்மாவிட்டப் போறன்."

அவனுக்கு விமானப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. விட்டுவிட்டுப் போக வழியில்லை. "இப்பிடி ஒரு வடிவான ஊர் உம்மட நாட்டில எங்கயப்பா இருக்கு?" என்றான்.

மாசியில் ஒரு காலை, அவன் வேலைக்குப் போனபின், அவள் அங்கே முதன்முறையாகத் தெருவில் சைரன் ஊதக் கேட்டாள். மெலனி வளர்ந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: சூறாவளி வருகிறது, நிலவறைக்குள் இறங்கு. அடுப்பை அணைத்து மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"மாமி, கீழ வாங்கோ. கெதியா."

"சப்பாத்து..."

"சப்பாத்து வேண்டாம், வாங்கோ."

முப்பது வருடம் இங்கே இருந்த அஞ்சலீனாவுக்கு அது என்ன சைரன் என்று தெரியும். ஆனால் மருமகளின் முகத்தைப் பார்த்ததும், ஊரில் பங்கருக்குள் ஓடிப் பழகிய கால் தன்பாட்டில் இறங்கிவிட்டது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் நீக்கிலாப்பிள்ளையின் நிலவறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே போய்க் குந்தினார்கள்.

அவர் கோப்பியோடு எட்டிப் பார்த்தார். "என்ன அஞ்சலீனா, குண்டு போடுறாங்களோ?"

"டொர்னாடோ, அங்கிள்," என்றாள் மெலனி.

"பிள்ளை, அது ஸ்னோ அள்ள வாறாங்கள். காரை எடுங்கோ, இல்லாட்டி இழுத்துக்கொண்டு போவம் எண்டு ஊதுறாங்கள்."

மேலே வந்து பார்த்தால் கார் நின்ற இடம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. இழுத்த காரைப் பக்கத்துத் தெரு எதிலாவது விட்டுவிடுவார்கள்; நாம்தான் தேடவேண்டும். மெலனி அழுதபடி தேடினாள். வேண்டாம் என்று சொல்லியும் அஞ்சலீனா சப்பாத்தும் கோட்டும் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். பாண் சுடும் ஒரு பேக்கரிக்கு முன்னால் கார் நின்றது. இருவரும் ஏறி ஹீட்டரைப் போட்டார்கள். பின் இருக்கையில் மெலனியின் உடுப்புப் பெட்டி கிடந்ததை மாமியார் அப்போதுதான் கண்டார்.

"ஈஸ்டர் மட்டும் எண்டெல்லே நிஷானிட்டச் சொன்னனீ?"

"ஏலாது மாமி. பாக்கிறதுக்கு வடிவான ஊர். இருக்கிறதுக்கு இல்லை."

அஞ்சலீனா ஹீட்டருக்கு நேரே கையைக் காட்டினார். "போறதெண்டா என்னையும் ஏத்திக்கொண்டு போ. அந்தப் படியில நான் முப்பது வரியமா செபமாலை சொல்லிச் சொல்லித்தான் இறங்கிறன்."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"ஆரிட்டச் சொல்ல? செத்துப்போன என்ர மனுசனுக்கும் இந்தக் கல்லும் இரும்பும்தான் வடிவு, மோனுக்கும் அதுதான்."

மாமியார் தன்னை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்திருந்த மெலனி, மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

அன்று பின்னேரம் வேலையால் வந்த நிஷானுக்கு எதிரே இரண்டு பெண்களும் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.

"படியில்லாத வீடு பார்," என்றார் தாய். "இல்லாட்டி நாங்கள் ரெண்டுபேரும் ஒக்லகோமா."

அவன் தாயைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "அங்க தமிழ்ப் பூசைக்கு எங்க போவியள்?"

"அதை நாங்கள் பாக்கிறம்," என்றாள் மெலனி.

பங்குனி முழுக்க வீடு தேடினார்கள். மெலனி இன்னும் ஓரிடத்தில் கால் தரித்து நிற்கிறவள் இல்லை. ஞாயிறு பூசை முடிந்தால் எங்கே என்றில்லாமல் மாமியாரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இப்போது அவள் மொன்றியலை அடுத்த லவாலில், படியில்லாத ஒருதட்டு வீட்டில், மாமியாரோடும் நிஷானோடும் இருக்கிறாள்.