கெசியாவின் நாற்பது விநாடி

எங்கள் அலுவலகத்தில் வரைபடத்தை நம்பாத ஒரே ஆள் கெசியா. திரையில் கோடு எவ்வளவு அழகாகச் சரிந்து இறங்கினாலும், ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடி ஒரு தடவை கேட்ட பிறகுதான் சரி என்பாள். பக்கத்து மேசைக்காரனான எனக்கு இது ரொம்ப நாள் எரிச்சலாக இருந்தது. கணக்கு சரியாக வந்தபின் காதுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை.

சூளகிரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஓசூருக்கு வருகிறாள். கிருஷ்ணகிரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ஒரு கம்பெனியில் நான்கு வருடம் பேரிங் சுற்றும் சத்தத்தைக் கேட்டே நல்லது கெட்டது பிரித்தவள். கண்ணை மூடும் வழக்கம் அங்கே வந்தது. கணவர் பென்சன் சூளகிரிப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கும் இயந்திரங்களுக்கு அச்சு மாற்றுகிறார். பதினோரு வருடத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. மிச்சமிருக்கும் இன்னொரு காதுக்காகத்தான் நீங்கள் இங்கே வேலைக்கு வந்தீர்கள் என்று நான் கேலி செய்வேன். அவள் மறுத்ததில்லை.

நாங்கள் செய்வது தொழிலாளர்களுக்கான காதுமூடி. அது இயந்திர இரைச்சலை அடக்க வேண்டும், மனிதர் பேச்சை உள்ளே விட வேண்டும். அதற்குள் ஒரு வடிகட்டி இருக்கிறது. கேட்கக் கேட்க அது தானே பழகிக்கொள்ளும். ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும் சத்தத்தை இரைச்சல் என்று கழித்துவிடும். மாறிக்கொண்டே இருப்பதைப் பேச்சு என்று விட்டுவிடும். எவ்வளவு வேகமாகப் பழக வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டி அந்த எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுதான் கெசியாவின் வேலை.

முதலில் இரைச்சல் அடங்க நாற்பது விநாடி ஆனது. எங்கள் முதலாளி நாராயணப்பனுக்குப் பால் கொதிக்கும் வரைகூடப் பொறுமை கிடையாது. வேகத்தைக் கூட்டச் சொன்னார். கெசியா கூட்டினாள், அரை விநாடியில் அடங்கியது. பேச்சு கேட்கிறதா என்று பார்க்க, தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று நான்கு மொழியில் நான் பதிவு செய்து வைத்திருந்தேன். மீட்டிங் அறையில் ஏசி போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ‘தயவுசெய்து விலகி நில்லுங்கள்’ என்று நிதானமாகப் பேசவைத்த பதிவுகள். எல்லாம் மணி மணியாகக் கேட்டன. கெசியாவும் கண்ணை மூடிக் கேட்டுச் சரி என்றாள். காதுமூடி வாங்கவிருந்த பென்சனின் பிரஸ் ஷாப்பிலேயே திங்கட்கிழமை காலை ஷிப்டில் சோதனை என்று முடிவானது. முதலில் மாட்டிக்கொள்ள பென்சன் பெயரை அவளே கொடுத்தாள்.

சனிக்கிழமை சாப்பிடும்போது, கிரேனில் சுமை வந்தால் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கணவரிடம் சும்மா கேட்டிருக்கிறாள். பென்சன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கத்திக் காட்டினார். ‘ஏ’ என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில், ஒரே சுருதியில், மூன்று விநாடி இழுத்து ‘ய்’ என்று முடித்தார். பக்கத்து வீட்டுக் காவேரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

“வார்த்தையா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்டாள் கெசியா.

“என்னான்னு சொல்றது? கிரேன் ஓட்டுற கங்கப்பனுக்குக் கன்னடம். எம் பக்கத்துல நிக்கிறவன் ஒடிசாக்காரன். ஏய்னா எல்லாருக்கும் புரியும்.”

அதற்கு மேல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவரை இன்னொரு தடவை கத்தச் சொல்லி போனில் பதிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே அலுவலகம் வந்து எனக்கு போன் செய்தாள். ஜூஜுவாடி வீட்டிலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு, லீவு நாளும் போச்சே என்று முணுமுணுத்தபடி போய்ச் சேர்ந்தேன். பிரஸ் இரைச்சலோடு அந்தக் கத்தலைச் சேர்த்து சிமுலேஷனில் ஓட்டி, ஹெட்போனை என்னிடம் கொடுத்தாள். தொடக்கத்தில் ஒரு துணுக்கு கேட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரே சுருதியில் நீளும் கத்தலை, இதுவும் ஒரு மோட்டார்தான் என்று எங்கள் வடிகட்டி அரை விநாடியில் பழகி, சுத்தமாகத் துடைத்துவிட்டது.

“நானே அவரு தலைமேல சுமையை இறக்கியிருப்பேன் சார்,” என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு மொழியில் பதிவு செய்திருக்கிறேன் என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன். அங்கே யாரும் எந்த மொழியிலும் பேசவே இல்லை.

சாயங்காலம் வரை எண்ணை மாற்றி மாற்றி ஓட்டினோம். ஐந்து விநாடியில் பழகவிட்டால் கத்தலின் பின்பாதி மங்கியது. பதினைந்திலும் குரல் தேய்ந்தது. கடைசியில் நாற்பது விநாடி எடுக்கும் பழைய எண்ணுக்கே திரும்பினாள். அந்த மூன்று விநாடிக் கத்தல் முழுதாகக் கேட்டது அதில்தான்.

நாராயணப்பனுக்கு அவளே போன் செய்து, தவறு தன்னுடையது என்றாள். நாற்பது விநாடி இரைச்சலைக் கேட்க எவன் காசு கொடுப்பான் என்று அவர் கத்தியது எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. ஆனாலும் வந்தார். ஹெட்போனை மாட்டி அந்தக் கத்தலை இரண்டு எண்ணிலும் கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார்.

“பழைய நம்பரே போடும்மா. பார்ட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

திங்கள் காலை. பென்சன் காதுமூடியுடன் கிரேனுக்கு முதுகு காட்டி நின்று அச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். சோதனைக்காக வெறும் கொக்கியைத்தான், அதுவும் நாலடி தள்ளி, வரச் சொல்லியிருந்தோம். பென்சனிடம் நேரம் சொல்லவில்லை. சுற்றிலும் பிரஸ்கள் அடித்துக்கொண்டிருந்தன. மேலேயிருந்து கங்கப்பன் கத்தினார். பென்சன் திரும்பிக்கூடப் பார்க்காமல், தினமும் செய்கிற மாதிரி, ஸ்பானரோடு இரண்டு எட்டு விலகி நின்றுகொண்டார்.

கெசியா அங்கே கிடந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பென்சன் ஒரு பக்கத்து மூடியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். முகத்தில் ஒரு குறை இருந்தது.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா போட்டவொடனே அடங்க மாட்டேங்குது. நாப்பது எண்ணுற வரைக்கும் ஒரே இரைச்சல்.”

“இருக்கட்டுங்க,” என்றாள் கெசியா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. “டெய்லி எண்ணுங்க.”