பேஸ்போல் கழகத்தில் ஒரு மரண அறிவித்தல்காரி

1. நேர்முகம்

"செத்தவங்களைப் பத்தி எழுதுவியா? அதுக்குன்னு ஒரு வேலையே இருக்கா?" என்று கார்த்திக் கேட்டார்.

நான் ஓம் என்றேன். அவருக்கு விளங்காததைக் கண்டு 'ஆமாம்' என்று திருத்திச் சொன்னேன். கார்த்திக் சென்னைக்காரர், மொன்ட்ரியாலில் உள்ள ஒரு சிறிய தொழில்முறை பேஸ்போல் கழகத்தின் உதவிப் பொது முகாமையாளர். வீரர்களை எடுப்பது, மாற்றுவது, விடுவிப்பது யாவும் அவருடைய மடிக்கணினியில் நடந்தன. நான் பிரெஞ்சு இலக்கியம் படிக்கும் மாணவி. அதுவரை நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் இயங்கிய ஒரு தமிழ் இணையத்தளத்தில் மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தேன். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, மருமக்கள் பெயர்களை வயது வரிசை பிசகாமல் அடுக்கி, 'இத்தகவலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்று முடிப்பது என் தொழில்.

"அப்போ ஆஃப்-சீசனுக்கு நீதான் கரெக்டான ஆளு," என்றார் கார்த்திக். "இங்க விண்டர் முழுக்க யாராவது போயிட்டே இருப்பாங்க."

அவ்வளவுதான் நேர்முகம். பட்டப்படிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் அதை வலிந்து சொல்லவில்லை.

இந்த நகரத்திலிருந்து பெரிய பேஸ்போல் அணி ஒன்று வெளியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. அதன் தொப்பியை மெட்ரோவில் இன்றும் காணலாம். அந்த அணி போன பின் பிறந்தவர்கள்கூட அணிந்திருக்கிறார்கள். எங்கள் அணியின் தொப்பியை நான் கண்ட ஒரே இடம் எங்கள் அலுவலகம். இல்லாத அணியை நேசிக்கும் ஊரில் இருக்கிற அணிக்காக அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது.

2. பனிக்காலத்தில் செய்தி

பேஸ்போல் கோடையில் ஆடப்படுவது. பனிக்காலத்தில் ஆட்டம் இல்லை; ஆனால் செய்தி இருக்க வேண்டும் என்பது கழக உரிமையாளரின் கொள்கை. ஆகவே முதல் சில வாரங்கள் நான் எழுதியவை இவை: மைதானத்துச் சிற்றுண்டிச்சாலையில் வரும் கோடை முதல் ஹொட்டோக்குக்குப் புதிய கடுகுச் சாறு, அணியின் சின்னமான நீர்நாய்க்குப் புதிய இடுப்புப்பட்டி, கழிப்பறைக் கதவுகளுக்கு நீல வர்ணம். கடுகுச் சாற்றுக்கு நல்ல வரவேற்பு இருந்தது.

மீதி எல்லாம் வீரர்களின் போக்குவரத்து. அதற்கென ஒரு மொழி உண்டு. விடுவிக்கப்பட்டவர் 'புதிய வாய்ப்புகளை நோக்கிச் செல்கிறார்'. அடுத்த பருவத்துக்கு வேண்டாம் என்று தீர்மானிக்கப்பட்டவரும் கழகமும் 'பரஸ்பரம் உடன்படுகின்றனர்'. எனக்கு இது சிரமமாக இருக்கவில்லை. எங்கள் தளத்திலும் எவரும் செத்ததில்லை. சிவபதம் அடைந்தார்கள், இறைவனடி சேர்ந்தார்கள். இரண்டு துறைகளிலும் ஒருவரும் சும்மா போவதில்லை.

விளங்கச் சற்று நேரம் பிடித்தது ஒன்றே ஒன்று. எங்கள் இடதுகைப் பந்துவீச்சாளரை ஒன்டாரியோ அணி ஒன்றுக்குக் கொடுத்து, பதிலுக்கு 'பின்னர் பெயர் குறிப்பிடப்படும் வீரர்' ஒருவரைப் பெற்றோம்.

"யார் அவர்?" என்று கேட்டேன்.

"அது இன்னும் முடிவாகலம்மா."

"அப்படியென்றால் எதற்குக் கொடுத்தோம்?"

"ஃப்யூச்சருக்கு," என்றார் கார்த்திக், வானிலை அறிவிப்பாளரின் நிதானத்துடன்.

படம் இல்லாததால் ஒரு சாம்பல் நிற நிழலுருவத்தைப் போட்டு வரவேற்பு எழுதினேன். அந்த நிழலுருவம் ஃபேஸ்புக்கில் எங்கள் பந்துவீச்சாளர்கள் எவரும் பெறாத அளவு விருப்பங்களை, அதாவது 'லைக்'குகளை, பெற்றது. முதல் விருப்பம் வழக்கம்போல் அம்மாவுடையது.

"ஆர் பிள்ளை இந்தப் பெடியன்? முகமே தெரியேல்லை," என்று அன்று வீட்டில் கேட்டார்.

அம்மா சென்ட் லோரன்டில் ஒரு மருந்துப் பொதி செய்யும் ஆலையில் வேலை செய்கிறார். நான் எழுதும் பிரெஞ்சு அவருக்கு வாசிக்க வராது. ஆனாலும் ஒவ்வொரு பதிவுக்கும் விருப்பம் இட்டு, மதிய இடைவேளையில் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, "மா ஃபீ, மா ஃபீ" என்று வரிசையில் நிற்கும் அனைவருக்கும் காட்டுவார். 'என் மகள்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவருடைய பிரெஞ்சு உச்சரிப்பு பிழையற்றது.

அந்த வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவர் ரமோன்.

3. ரமோனும் சிவா அண்ணையும்

ரமோன் எங்கள் அணியின் கட்சர். துடுப்பாட்டத்தில் விக்கெட் காப்பாளர் நிற்கும் இடத்தில், முகமூடியும் மார்புக் கவசமும் அணிந்து குந்தியிருப்பவர். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர். மனைவியுடனும் மகனுடனும் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தார். எங்கள் தர அணிகளில் கோடைச் சம்பளம் பனிக்காலத்தைத் தாண்டாது. ஆகவே கோடையில் பந்து பிடித்தவர் பனிக்காலத்தில் மாத்திரைப் பெட்டி அடுக்கினார். அம்மாவுக்கும் அவருக்கும் பிரெஞ்சு ஒரே அளவில் அரைகுறை. அதனால் இருவரும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். "ரமோன் தம்பி" என்றே அம்மா சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கார்த்திக் இரண்டு பதிவுகளுக்குக் குறிப்புத் தந்தார். ஒன்று, ரமோனுக்குப் பிரியாவிடை. மற்றது, புதிய இளம் கட்சருக்கு வரவேற்பு. இரண்டும் நண்பகலில் வெளியாக வேண்டும். புதியவருக்கு 'ஃப்ரேமிங்' எண்கள் மேலானவை என்றார் கார்த்திக். பந்தைப் பிடித்த கணத்தில் கையுறையைச் சற்று நகர்த்தி, தவறான பந்தையும் சரியான பந்தென்று நடுவரை நம்பவைக்கும் வித்தை அது. அறிக்கை எழுதுபவளான நான் அதை மதிக்கவே செய்தேன்.

"ரமோனுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"ஏஜென்ட் சொல்லிடுவாரு."

"அவருக்கு ஏஜென்ட் இல்லை."

"அப்போ ஈமெயில் போயிடும். ப்ராசஸ்ல இருக்கு."

"எப்போது போகும்?"

"ஈவினிங். சிஸ்டம் அப்படித்தான். ஏம்மா, பிசினஸ் இது. பர்சனலா எடுத்துக்காத."

நண்பகல் என்றால் ஆலையில் மதிய இடைவேளை. ரமோனின் படத்தைக் கண்டதும் அம்மா விருப்பம் இடுவார். பின் தொலைபேசியை உயர்த்தி, "தம்பி, உன்ர படம் வந்திருக்கு" என்று மகிழ்ச்சியுடன் அவரிடமே நீட்டுவார். ரமோன் என் நேர்த்தியான பிரெஞ்சில், அரைகுறையாக, தன் வேலை போனதை வாசிப்பார். கழகம் தன் வீரருக்குச் செய்தி சொல்ல என் தாயை அனுப்பவிருந்தது, ஊதியமின்றி.

இந்த இடத்தில் சிவா அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரண அறிவித்தல் தளத்தின் உரிமையாளர் அவர். எந்த அறிவித்தலையும் வெளியிடுமுன் உரத்த குரலில் ஒரே கேள்வி கேட்பார்: "ஆருக்கு இன்னும் சொல்லேல்லை? கொழும்பில இருக்கிற மூத்தவளுக்குச் சொல்லியாச்சோ? லண்டன்காரனுக்கு?" எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று வீட்டார் உறுதி சொல்லும்வரை பொத்தானை அழுத்த விடமாட்டார்.

இது கருணை என்று நான் ஆரம்பத்தில் எண்ணினேன். அவரே அந்த எண்ணத்தைக் கெடுத்தார். ஒருமுறை பாரிஸில் ஒரு பெண் தகப்பனின் மரணத்தைச் சிகை அலங்கார நிலையத்தில் இருந்தபடி எங்கள் தளத்தில் கண்டு அறிந்தாராம். அடுத்த வருடம் தாய் இறந்தபோது அந்தக் குடும்பம் போட்டித் தளத்துக்குப் போய்விட்டது. "ஒரு சாவோட வாடிக்கை முறியக் கூடாது, பிள்ளை," என்றார் சிவா அண்ணை. "அந்த வீட்டில இன்னும் எத்தினை பேர் இருக்கினம்."

4. அழைப்பு

நான் அதிகம் பேசுபவள் அல்ல. கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவருக்குச் சொன்ன பிறகுதான் இதை அழுத்துவேன்," என்றேன்.

"நீ ஸ்டூடன்ட்மா. கான்ட்ராக்ட்ல இருக்க. ஏப்ரல்ல ரினியூ பண்ணணும்னு நானே பேசி வச்சிருக்கேன்."

அது மிரட்டலா அக்கறையா என்று அவருக்கே தெளிவில்லை என நினைக்கிறேன். இரக்கத்தைப் பற்றிப் பேசினால் அவர் கேட்கமாட்டார் என்பது தெரிந்தது. ஆகவே சிவா அண்ணையின் வாதத்தை எடுத்தேன். "கட்சர்கள் ஒருவரோடொருவர் பேசுவார்கள். ரமோன் இதை ஃபேஸ்புக்கில் அறிந்தார் என்றால், அடுத்த வருடம் உங்களிடம் எந்த நல்ல கட்சர் வருவார்?"

கார்த்திக் யோசித்தார். மேசையின் மறுபுறம் வந்தார். குரலைத் தாழ்த்தி, "நீ கால் பண்ணேன்," என்றார்.

அப்போதுதான் விளங்கியது. இத்தனை வீரர்களை எடுத்தும் விட்டும் இருந்த மனிதர், அவர்களில் ஒருவரிடம்கூட வாயால் அதைச் சொன்னதில்லை.

"மரண அறிவித்தலில் நாங்கள் அழைப்பதில்லை. வீட்டார்தான் அழைக்க வேண்டும். இங்கே வீட்டார் நீங்கள்."

அவர் இலக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, என்னை உட்காரச் சொன்னார். மறுமுனையில் ஆலையில் பெட்டிகளை நகர்த்தும் பட்டியின் இரைச்சல் கேட்டது. அதற்குள் ஒரு பெண்குரல்: "ரமோன் தம்பி, ஃபோன், ஃபோன். வித், வித்." கெதியாக எடு என்று பிரெஞ்சில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தது என் அம்மா. நான் மேசையைப் பார்த்தேன்.

இனி நடந்தது ஆங்கிலத்தில். என் தமிழில் தருகிறேன்.

"ஹாய் ரமோன். அங்கே வானிலை எப்படி?"

"நீங்கள் இருக்கும் ஊரில்தான் நானும் இருக்கிறேன். பனி."

கார்த்திக் அவருடைய தலைமைப் பண்பைப் புகழ்ந்தார். இளம் பந்துவீச்சாளர்களை வழிநடத்திய விதத்தைப் புகழ்ந்தார். முழங்கால்களையும் புகழ்ந்தார்.

"நன்றி," என்றார் ரமோன். "அப்படியானால் பயிற்சிக்கு எப்போது வர வேண்டும்?"

கார்த்திக் வாயைத் திறந்தார். பட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி," என்றார் ரமோன். "விளங்கிவிட்டது. எப்போது வெளியில் போடுகிறீர்கள்?"

"நண்பகல்."

"மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். வகுப்பில் எல்லோரிடமும் தொலைபேசி இருக்கிறது. அவன் வீட்டுக்கு வந்ததும் நான் சொல்கிறேன். அதற்குப் பிறகு போட முடியுமா?"

கார்த்திக் ஒலியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஓனர் நூன்னு சொல்லியிருக்காரு."

நான் திரையில் இருந்த நண்பகல் நேரத்தை அழித்தேன். அவர் அதைப் பார்த்தார், தடுக்கவில்லை. ஒலியைத் திரும்பப் போட்டார்.

"வேறு யாருக்குச் சொல்ல வேண்டும்?" என்று ரமோனிடம் கேட்டார்.

"மனைவிக்கு. ஊரில் அம்மாவுக்கு. பிறகு, இங்கே என் பக்கத்தில் ஒரு அம்மா வேலை செய்கிறார். பேஸ்போல் பார்த்ததே இல்லையாம். இந்தக் கோடையில் என் ஆட்டம் ஒன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு இடைவேளையில் நானே சொல்லிவிடுகிறேன்."

அந்த அம்மா யார் என்று கார்த்திக்குக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அன்று நண்பகலில், கடுகுச் சாறு பற்றிய செய்தி இரண்டாம் முறையாக வெளியாயிற்று. உரிமையாளர் தொலைபேசியில் கத்தினார். கார்த்திக் கருவியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்" என்றார். ரமோனின் பிரியாவிடை மாலையில் போனது. 'புதிய வாய்ப்புகளை நோக்கி' என்ற வரியை எடுத்துவிட்டு, 'இந்தப் பருவத்தில் ரமோன் எங்களுக்கு ஆடமாட்டார். அது கழகத்தின் முடிவு' என்று எழுதியிருந்தேன். எவரும் கவனிக்கவில்லை.

வீட்டில் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ரமோன் தம்பியை நிப்பாட்டிப் போட்டாங்களாம். நீ வேலை செய்யிற கந்தோர்தானே."

"ஓம்."

"ஃபோன் எடுத்துச் சொன்னவங்களாம். அதெண்டாலும் செய்தாங்களே." பிறகு, கறிச்சட்டியை மூடியபடி, "நான் அதுக்கு லைக் போடேல்லை," என்றார்.

நான் எழுதியவற்றில் அம்மாவின் விருப்பம் பெறாத முதற்பதிவு அது.

5. கற்றது

மறு மாதக் கூட்டத்தில் கார்த்திக் 'மனிதரை முன்வைக்கும் விலகல் நடைமுறை' என்ற தலைப்பில் ஒரு விளக்கக்காட்சி நடத்தினார். யாருக்கு இன்னும் சொல்லவில்லை என்று கேட்பது முதல் படி என்றார். தன் சொந்த யோசனை என்றார். உரிமையாளர் கைதட்டினார். சிவா அண்ணை அறிந்திருந்தால் கட்டணம் கேட்டிருப்பார்.

வேலைக்குப் போகும் என் வயதினருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எந்த அறிவித்தலை வெளியிடுமுன்னும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நல்ல மனத்தோடு கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; வாடிக்கை போய்விடும் என்ற பயத்தில் கேட்டாலும், செய்தி ஒருவரை வந்தடையும் விதத்தில் வித்தியாசம் இருக்கும். ஆனால் கேட்பவர் என்பதற்காக, உங்கள் பெயர் ஒருநாளும் அந்த அறிவித்தலில் வராது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

ஏப்ரலில், ஆட்டப் பருவம் தொடங்கவிருந்த வாரத்தில், ஒரு காலை கார்த்திக் அழைத்தார். நான் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன்.

"வெளிய ஸ்னோ எப்படிம்மா இருக்கு?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். பனி உருகிப் பல நாட்களாகியிருந்தன. எனக்கு விளங்கிவிட்டது. அவர் என் மொழிநடையைப் புகழத் தொடங்குமுன் நானே முடித்துவைத்தேன்.

"சரி, கார்த்திக். கழகத் தளத்தின் ஊழியர் பக்கத்திலிருந்து என் படத்தை எப்போது எடுப்பீர்கள்? அம்மா மதிய இடைவேளையில் அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் காட்டுவார்."

கார்த்திக் கேட்டார்:

"அம்மா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாங்க?"