ஆம்பிளைப் பேரில் வீடு

எந்த வீட்டுக்குப் போனாலும் இராசாத்தி முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பாள். செத்த வீடென்றாலும் அப்படித்தான். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தென்னோலைக் கிடுகுக் கூரை ஒழுக, பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடியவர்களா சிரித்தார்கள்?

தேற்றாத்தீவுக்கு அங்கால், வாவிக்கரைத் தென்னந்தோட்டத்தில் ஒரு குடிலில் இருந்துகொண்டு, தேங்காய் உரித்தே மகள் பிரஷாந்தியை வளர்த்தாள். புருஷன் நல்லரத்தினம், பிள்ளை தவழுமுன்னே பழுகாமத்தில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டான்.

தோட்டத்தை ஒரு கம்பனி வாங்கியது. மரங்களைத் தறித்து, காணியைத் துண்டு துண்டாக விற்றது. தோட்டத்துச் சனம் வழிமறித்த பிறகுதான், ஒரு மூலையில் அவர்களுக்கு மலிவு வீடுகள் கட்ட ஒப்புக்கொண்டது. அதுவும் சும்மா இல்லை. கல்லும் மண்ணும் அவர்களே சுமக்க வேண்டும். இராசாத்தி சுமந்தாள். பிரஷாந்திக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதாமல் தாலி ஏறாது.

சாவி கொடுக்கும் நாளில் கம்பனி ஆள் வினாயகமூர்த்தி வந்தான். அதே ஊர்ப் பொடியன்.

"அக்கா, வீட்டு உறுதிப் பத்திரம் நல்லரத்தினம் அண்ணன்ட பேரிலதான். குடும்பத் தலைவர் ஆம்பிளைதானே? அவரக் கூட்டிட்டு வாங்க, சாவி தாறன்."

"ஆருடா தலைவர்? நான் கல்லுச் சுமக்கக்குள்ள அந்தத் தலைவர்ட தலை எங்கடா கிடந்தது?"

"கம்பனிச் சட்டம் அக்கா. நான் என்ன செய்ய?"

"நீ இரிக்கிறது ஆர்ட வீட்டுல? பொண்டாட்டிட சீதன வீட்டுல! சண்டை வந்தா நீதான் கொடியில கிடக்கிற சேட்டத் தூக்கி மாட்டிட்டு வெளிய போகணும். உனக்கொரு சட்டம், எனக்கொரு சட்டமா?"

"தம்பி, அந்தச் சேட்டாவது உங்கட பேரில இரிக்கா?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். வினாயகமூர்த்தி முகம் கறுத்து வாகனத்தில் ஏறினான். சாவி அவன் பையிலேயே போனது.

அடுத்த கிழமை நல்லரத்தினம் வந்தான். மகள் பெரியபிள்ளையானபோது மறந்த வழி இப்போது நினைவு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டான், சாவியை வாங்கினான்.

"புள்ளைக்கு எழுதிக் குடு," என்றாள் இராசாத்தி.

"பாப்பம்," என்றவன், கம்பனி மேசன்மாருக்கு வீட்டை வாடகைக்கு விட்டான்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குருக்கள்மடத்தில் வேறு பெண் எடுத்தார்கள். குடிலைப் பிரிக்க வந்த கம்பனி ஆட்களை இராசாத்தி தேங்காய் உரிக்கும் பாரையோடு நின்று துரத்தினாள். தாயும் மகளும் இன்னும் அந்தக் குடிலில்தான் இருக்கிறார்கள். அவள் கல் சுமந்து கட்டிய வீடு நல்லரத்தினத்தின் பேரில் இருக்கிறது.